பேப்பரில் 90 மார்க், நெஞ்சில் கை வைக்க 100 வினாடி: நர்ஸ்களுக்கு சிபிஆர் தேர்வு வைப்பது எப்படி?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் 30 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் இன்சார்ஜாக இருக்கிறேன். எனக்குக் கீழே 14 ஸ்டாஃப் நர்ஸ்கள். வருஷத்துக்கு ஒரு முறை சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுக்கும் முதலுதவி) அறிவுத் தேர்வு வைத்து, மார்க் லிஸ்ட்டை ஃபைலில் வைக்க வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. 20 கேள்விகள் வைத்தேன். எல்லோரும் 80க்கு மேல் வாங்கிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஆண்கள் வார்டில் சொல்லாமல் ஒரு மாக் டிரில் வைத்தேன். கட்டிலில் பொம்மையைக் கிடத்தி, "நோயாளிக்கு நினைவில்லை" என்று சொல்லிவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். தேர்வில் 90 வாங்கிய பெண் பிபி பார்க்க ஓடினாள். இன்னொருத்தி விரலில் ஆக்ஸிமீட்டர் புரோப் மாட்டினாள். மூன்றாவது பெண் மாடியில் இருந்த டூட்டி டாக்டரைக் கூப்பிடப் போனாள். நெஞ்சில் முதல் அழுத்தம் விழுந்தபோது 100 வினாடி ஆகியிருந்தது. என் கேள்வித்தாளில் என்ன குறை? அழுத்தும் ஆழம் 4 முதல் 5 செ.மீ. என்று எங்கள் பழைய நோட்டில் இருக்கிறது, புதிதாக வந்த பெண்கள் 5 முதல் 6 என்கிறார்கள். எது சரி?

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

ஸ்டாப்வாட்சை அழுத்தினீர்களே, அது நல்ல காரியம். பல இடங்களில் மார்க் லிஸ்ட் ஃபைலுக்குள் போவதோடு விஷயம் முடிந்துவிடும். அந்த 100 வினாடிதான் உங்கள் மருத்துவமனையின் உண்மையான மார்க். இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோன ஒருவருக்கு சிபிஆரும் மின் ஷாக்கும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. வார்டுக்குள், நர்ஸின் கண் முன்னால் விழும் நோயாளிக்கு முதல் அழுத்தம் 20, 30 வினாடிக்குள் விழ வேண்டும். விழ வைக்கவும் முடியும்.

முதலில் ஆழம். பழைய நோட்டையும் நம்ப வேண்டாம், பழைய நோட்டை எழுதியவரையும் குறை சொல்ல வேண்டாம். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2005ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு 4 முதல் 5 செ.மீ. என்றுதான் இருந்தது. 2010இல் அது 'குறைந்தது 5 செ.மீ.' ஆனது. 2015இல் '5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.க்கு மேல் போகாமல்' என்று வந்தது. இன்றைக்கும் அதுதான். வேகமும் இப்படியே மாறியது. 2005இல் நிமிடத்துக்குச் சுமார் 100, 2010இல் குறைந்தது 100, 2015 முதல் 100 முதல் 120 வரை. 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று சொல்பவர் 2005க்கு முன்னால் படித்தவர். இப்போது பெரியவர்களுக்கு 30க்கு 2. முதலில் ஏர்வே (மூச்சுப்பாதை), அடுத்து மூச்சு, பிறகு நெஞ்சு என்ற வரிசையும், குனிந்து 'பார், கேள், உணர்' என்பதும் 2010இல் போயின. இப்போது நெஞ்சு முதலில்.

இதை விலாவாரியாகச் சொல்லக் காரணம் உண்டு. தேர்வில் ஒருவர் எந்தத் தவறான விடையைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பார்த்தால், அவர் எந்த வருஷம் படித்தார் என்று சொல்லிவிடலாம். அவருக்கு அறிவு குறைவு என்று நினைக்க வேண்டாம். மனதில் இருப்பது பழைய பதிப்பு, அவ்வளவுதான். கேள்வித்தாளில் தவறான விடைகளாக இந்தப் பழைய எண்களையே வையுங்கள். யாருக்கு எந்தப் பதிப்பை மாற்ற வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இனி குறை எங்கே என்று பார்ப்போம். உங்கள் தாள் 'எவ்வளவு?' என்று கேட்டிருக்கிறது. டிரில் 'இப்போது என்ன செய்வாய்?' என்று கேட்டது. ஆழம், வேகம், விகிதம் எல்லாம் கை வைத்த பிறகு வேண்டியவை. கை வைப்பதற்கு முந்தைய 10 வினாடியில் எடுக்க வேண்டிய முடிவை அந்த 20 கேள்விகளில் எத்தனை தொட்டன என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த மூன்று பெண்கள் செய்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். சோம்பலிலோ பயத்திலோ அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தினம் நூறு தடவை செய்வதைத்தான் செய்தார்கள். ஒரு நோயாளி சரியில்லை என்றால் வைட்டல்ஸ் (பிபி, பல்ஸ், மூச்சு) பார், டாக்டரிடம் சொல். மற்ற எல்லா நேரத்திலும் அது சரியான பழக்கம். இதயம் நின்ற நேரத்தில் மட்டும் அதுவே ஆளைக் கொல்லும். பிபி மெஷின் காற்றடித்து, இறங்கி, மறுபடி காற்றடித்து, கடைசியில் 'எரர்' காட்டும். அதற்குள் முக்கால் நிமிடம் போயிருக்கும். ஆக்ஸிமீட்டரில் எண் வராது, கோடுதான் ஓடும். உடனே நர்ஸ் 'புரோப் சரியில்லை' என்று ஆள்காட்டி விரலிலிருந்து நடுவிரலுக்கு மாற்றுவார், பிறகு அடுத்த கைக்குப் போவார். இதயம் நின்றால் இந்த இரண்டு மெஷினும் 'நின்றுவிட்டது' என்று எழுதிக் காட்டாது. கெட்டுப்போன மெஷின் மாதிரிதான் நடந்துகொள்ளும். இதை உங்கள் பிள்ளைகளுக்கு இதே வார்த்தையில் சொல்லிக் கொடுங்கள். நினைவில்லாத நோயாளியிடம் மெஷின் எரர் காட்டினால் மெஷினை விட்டுவிட்டு நோயாளியைத் தொட வேண்டும்.

ஆகவே முதல் கேள்வி இப்படி இருக்கட்டும். 'இரவு 2 மணி. 58 வயது ஆண், தட்டினாலும் கூப்பிட்டாலும் அசையவில்லை. வாய் திறந்திருக்கிறது, சில வினாடிக்கு ஒரு முறை தாடை மட்டும் அசைந்து மூச்சை இழுக்கிறார். ஆக்ஸிமீட்டரில் எண் வரவில்லை. கழுத்தில் பல்ஸ் தெரியவில்லை. அடுத்து என்ன?' விடைகளாக ஆக்ஸிஜன் மாஸ்க் போடுவது, புரோப்பை மாற்றுவது, டூட்டி டாக்டர் வரும்வரை சாய்த்துப் படுக்க வைப்பது, உதவிக்குக் கத்திவிட்டு அழுத்தத் தொடங்குவது என்று நான்கையும் கொடுங்கள்.

இந்தக் கேள்வியில் ஆளை விழ வைப்பது அந்தத் தாடை மூச்சுதான். வார்டு பாஷையில் காஸ்பிங் என்போம். வீட்டில் 'உயிர் இழுத்துக்கிட்டு இருக்கு' என்பார்கள். 'இழுத்துக்கிட்டு இருக்கு' என்றால் இன்னும் உயிர் இருக்கிறது, மூச்சு இருக்கிறது என்று காது கேட்டுப் பழகிவிட்டது. சிபிஆர் கணக்கில் காஸ்பிங் மூச்சே இல்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் மூளைத்தண்டு கடைசியாக அனுப்பும் துடிப்பு அது. நெஞ்சு சீராக ஏறி இறங்காது, தாடையும் கழுத்தும்தான் அசையும். நோயாளியின் ஆட்கள் "மூச்சு விடுறாரு சிஸ்டர்" என்று கையைப் பிடித்துத் தடுக்கும் இடமும் இதுதான். எழுத்தில் சரியாகப் பதில் சொன்னாலும் கண்ணால் பார்த்தால் தடுமாறுவார்கள். நீங்களே கட்டிலில் படுத்து, காஸ்பிங் மாதிரி செய்து காட்டி, "இது மூச்சா?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள்.

பல்ஸ் பார்ப்பதும் இப்படித்தான். குறைந்தது 5 வினாடி, அதிகம் போனால் 10 வினாடி. அந்த 10 வினாடிக்குள்ளேயே மூச்சையும் பார்த்துவிட வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்று என்று வைத்துக்கொண்டால் 20 வினாடி ஆகிவிடும். பெரியவர்களுக்குக் கழுத்து, 1 வயதுக்குள் குழந்தைக்கு மேல்கையின் உட்புறம். பதற்றத்தில் நர்ஸின் விரல் நுனியில் அவருடைய துடிப்பே தெரியும். அதை நோயாளியுடையது என்று நம்பிவிடுவது சகஜம். 10 வினாடியில் நிச்சயமாகச் சொல்ல முடியாவிட்டால் பல்ஸ் இல்லை என்றே வைத்துக்கொண்டு அழுத்த வேண்டும். துடிக்கும் இதயத்தின் மேல் கொஞ்ச நேரம் அழுத்திவிட்டால் பெரிய கெடுதல் வராது. நின்ற இதயத்தை விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது.

இனி மார்க் போடும் முறை. 20க்கு 16 வாங்கினால் 80 சதவீதம், பாஸ். அந்த 4 தவறும் எந்த 4 என்று யாரும் பார்ப்பதில்லை. குழந்தைக்கு எத்தனை செ.மீ. என்பதில் ஒருவர் தவறலாம். இன்னொருவர் காஸ்பிங்கை மூச்சு என்றும், ஷாக் கொடுத்ததும் பல்ஸ் தேட வேண்டும் என்றும் எழுதியிருக்கலாம். இருவருக்கும் ஒரே மார்க். அமெரிக்க இதயச் சங்கத்தின் பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) எழுத்துத் தேர்வில் 25 கேள்வி, 84 சதவீதம் வேண்டும், அதாவது 21 சரி. ஆனால் அங்கே எழுத்துத் தேர்வோடு விடுவதில்லை. பொம்மையில் செய்து காட்டும் தேர்வு தனியாக உண்டு, அதில் பட்டியலில் உள்ள ஒவ்வொரு படியும் சரியாக இருக்க வேண்டும். அங்கே சராசரி கிடையாது. எழுத்துத் தாளிலும் நீங்கள் இதைக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 20இல் 6 கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி போடுங்கள். அவற்றில் ஒன்று தவறினாலும், மொத்தம் 95 வாங்கியிருந்தாலும், மறு தேர்வு.

எந்த ஆறு? காஸ்பிங் ஒன்று. பல்ஸ் சந்தேகமாக இருந்தால் என்ன என்பது இரண்டு. ஷாக் கொடுத்ததும் அடுத்த வேலை என்ன என்பது மூன்று. இதில் ஏறக்குறைய எல்லோரும் 'மானிட்டரைப் பார்' அல்லது 'பல்ஸ் பார்' என்று எழுதுவார்கள். சரியான விடை, கையை உடனே நெஞ்சில் வைத்து 2 நிமிடம் அழுத்துவது. ஷாக் இதயத்தின் தாறுமாறான மின்னோட்டத்தை நிறுத்துகிறது. சீரான துடிப்பு திரும்பினாலும் ரத்தத்தைத் தள்ளும் வலு அதற்கு உடனே வருவதில்லை. அந்த இடைவெளியில் உங்கள் கைதான் இதயம். நான்காவது, அழுத்தத்தை எதற்காகவும் 10 வினாடிக்கு மேல் நிறுத்தக் கூடாது என்பது. ஐந்தாவது, அம்பு பேக்கை (முகத்தில் மாஸ்க் வைத்து, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) எத்தனை வினாடிக்கு ஒரு முறை அழுத்துவது. ஆறாவது, பல்ஸ் இருந்து மூச்சு மட்டும் இல்லாத நோயாளி.

ஆறாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், நம் பக்கத்துக்கு அது ரொம்பப் பொருந்தும். ஒடுகத்தூர், ஜவ்வாது மலை அடிவாரம், பேரணாம்பட்டுக் காட்டோரம், இங்கெல்லாம் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களைக் கட்டுவிரியன் கடிக்கும். கடிவாய் தெரியாது, வீக்கம் இருக்காது. விடியற்காலையில் இமை தொங்கி, பேச்சு குழறி, மூச்சுத் தசை செயலிழந்து வருவார்கள். அசைவில்லை, மூச்சில்லை, கண்மணி விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமலும் இருக்கலாம். பார்த்தவர் 'முடிந்துவிட்டது' என்பார். கழுத்தில் கை வைத்தால் பல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே நினைவுகூட இருக்கலாம், காதில் விழுவதெல்லாம் புரிந்துகொண்டிருக்கலாம். இவருக்கு நெஞ்சை அழுத்த வேண்டாம். 6 வினாடிக்கு ஒரு மூச்சு, ஒவ்வொன்றும் 1 வினாடி, நெஞ்சு எழும்புவது கண்ணுக்குத் தெரியும் அளவு மட்டும். 2 நிமிடத்துக்கு ஒரு முறை பல்ஸைத் திரும்பப் பார்க்க வேண்டும். இந்த நோயாளியை வைத்து ஒரு கேள்வி எழுதுங்கள். பூச்சிமருந்து குடித்து வருபவரை வைத்து இன்னொன்று எழுதலாம். அங்கே வாயோடு வாய் வைக்கக் கூடாது, கையுறையும் அம்பு பேக்கும் வேண்டும், நனைந்த துணியைக் கழற்ற வேண்டும் என்பதையும் விடைக்குள் சேர்த்துவிடலாம்.

அம்பு பேக் என்றதும் ஒன்று. பெரியவர்களுக்கான பேக்கில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் காற்று இருக்கும். நோயாளிக்கு வேண்டியது 500, 600 மி.லி. ஒரு கையால் மூன்றில் ஒரு பங்கு அழுத்தினால் போதும். பதற்றத்தில் இரண்டு கையாலும் சப்பையாகும்வரை பிழிவார்கள், அதுவும் நிமிடத்துக்கு 30 தடவை. அந்தக் காற்று வயிற்றுக்குள் போகும், வாந்தி வரும், வாந்தி நுரையீரலுக்குள் போகும். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். மூச்சுக்குழாயில் டியூப் போட்ட பிறகு 30க்கு 2 கிடையாது, அழுத்தம் நிற்காமல் போகும், 6 வினாடிக்கு ஒரு மூச்சு மட்டும். உங்கள் பழைய நோட்டில் '6 முதல் 8 வினாடி' என்று இருந்தால் அடித்துவிடுங்கள், அது 2015க்கு முந்தையது.

எண் கேள்விகளை ஒழித்துவிட வேண்டாம். ஆனால் எண்ணை வேலையாக மாற்றிக் கேளுங்கள். 'நிமிடத்துக்கு எத்தனை?' என்றால் 100 முதல் 120 என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். '30 அழுத்தம் 12 வினாடியில் முடிந்தது. என்ன சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். 100 வேகத்தில் 30 அழுத்தத்துக்கு 18 வினாடி, 120 வேகத்தில் 15 வினாடி. 12 என்றால் 150 வேகம். அந்த வேகத்தில் கை ஆழமாகப் போகாது, நெஞ்சு முழுசாக மேலே எழும்பாது, இதயம் நிரம்பாது. 15க்கும் 18க்கும் நடுவில் விழ வேண்டும் என்பதை வைத்து, பொம்மைத் தேர்வில் வாட்சைப் பார்த்தே மார்க் போட்டுவிடலாம். செல்ஃபோனில் மெட்ரோனோம் ஆப்பை 110இல் வைத்துப் பழக்குங்கள்.

சாய்ந்து நிற்பது இன்னொரு குறை. 2 நிமிடம் நெருங்கும்போது கை சோர்ந்து, அழுத்திய பிறகு உடம்பின் எடையை முழுசாக எடுக்காமல் நெஞ்சின் மேலேயே சாய்ந்திருப்பார்கள். செய்பவருக்கே தெரியாது. "எனக்கு இன்னும் தெம்பு இருக்கு" என்பார், அதற்கு முன்பே ஆழம் குறையத் தொடங்கியிருக்கும். அதனால் களைப்பைக் கேட்காமல் 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆளை மாற்ற வேண்டும். மாற்றும் நேரம் 5 வினாடிக்குள்.

கட்டிலையும் தேர்வுக்குள் கொண்டுவாருங்கள். பொம்மையைத் தரையில் வைத்தே பழக்கியிருந்தால் வார்டில் உதவாது. ஃபோம் மெத்தையில் 5 செ.மீ. அழுத்தினால் மெத்தை அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். முதுகுக்குக் கீழே பலகை வேண்டும். படுக்கைப்புண்ணுக்காகக் காற்று மெத்தை போட்டிருந்தால் காற்றை இறக்க வேண்டும், இறக்கிக்கொண்டே அழுத்த வேண்டும். உயரம் குறைந்த நர்ஸுக்கு ஸ்டூல் இல்லாமல் தோள் நோயாளியின் நெஞ்சுக்கு நேர் மேலே வராது, முழங்கையை மடக்கித்தான் அழுத்துவார். உங்கள் ஒவ்வொரு வார்டிலும் பலகையும் ஸ்டூலும் எங்கே இருக்கின்றன? 'அருகிலுள்ள சிபிஆர் பலகை எங்கே?' என்பதே நல்ல தேர்வுக் கேள்வி. விடை எந்தப் புத்தகத்திலும் இருக்காது, உங்கள் வார்டில்தான் இருக்கும்.

ஏஇடி (இதயத் துடிப்பைத் தானே ஆராய்ந்து ஷாக் கொடுக்க வழிகாட்டும் மெஷின்) பேட் ஒட்டுவதில் நம் ஊர்ப் பிரச்சினைகள் சில உண்டு. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலில் வரும் நோயாளியின் நெஞ்சு வியர்வையில் நனைந்திருக்கும், பேட் ஒட்டாது. துண்டால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். ஆகவே பெட்டிக்குள் ஒரு துண்டும், ரவிக்கையை வெட்டக் கத்தரிக்கோலும், அடர்ந்த முடிக்கு ஒரு ரேசரும் இருக்க வேண்டும். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை, கழற்ற முயன்று நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். பேட்டுக்கு அடியில் வராமல் தோள்பக்கம் தள்ளிவிட்டால் போதும். ஒரு பேட் வலது காறையெலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். பெண்களுக்கு மார்பகத்தின் மேல் ஒட்டக் கூடாது, மார்பகத்தை விலக்கி அதன் பக்கவாட்டில் விலாவின் மேல் ஒட்ட வேண்டும். கூச்சத்தில் துணிக்கு மேலே ஒட்டப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், பொம்மைக்கு ஒரு பழைய ரவிக்கை போட்டுப் பழக்குங்கள். உங்களிடம் ஏஇடி இல்லாமல் சாதாரண டெஃபிப் (ஷாக் மெஷின்) மட்டும் இருந்தால், அதில் ஏஇடி மோட் இருக்கிறதா என்று பார்த்து அந்த மெஷினிலேயே தேர்வு வையுங்கள். சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போதும் அழுத்தம் தொடரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

குழந்தைகள் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒருவராக இருந்தால் 30க்கு 2, இருவர் இருந்தால் 15க்கு 2. ஆழம் நெஞ்சின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, கைக்குழந்தைக்குச் சுமார் 4 செ.மீ. இரண்டு விரலால் அழுத்தும் முறையை 2025 வழிகாட்டுதல் எடுத்துவிட்டது. இரண்டு கையாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்துக் கட்டைவிரல்களால் அழுத்துவது, அல்லது ஒரு கையின் அடிப்பகுதியால் அழுத்துவது. மூச்சு 2 முதல் 3 வினாடிக்கு ஒன்று. ஆக்ஸிஜனும் மூச்சும் கொடுத்தும் பல்ஸ் 60க்குக் கீழே இருந்து, உடம்பு வெளிறிப் போயிருந்தால், பல்ஸ் நிற்கும்வரை காத்திருக்காமல் அழுத்த வேண்டும். பிரசவ அறையில் பிறந்த சிசுவுக்குக் கணக்கே வேறு, 3 அழுத்தத்துக்கு 1 மூச்சு. லேபர் வார்டு நர்ஸுக்கும் பொது வார்டு நர்ஸுக்கும் ஒரே தாளைக் கொடுத்தால் இந்த இரண்டும் குழம்பும், தனித்தனி வையுங்கள். லேபர் வார்டு தாளில், கர்ப்பப்பை தொப்புள் அளவுக்கோ அதற்கு மேலோ வளர்ந்த கர்ப்பிணிக்கு, ஒருவர் அழுத்தும்போதே இன்னொருவர் வயிற்றைக் கையால் இடப்பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்பதும் இருக்கட்டும். ஆளையே சாய்த்துப் படுக்க வைத்தால் அழுத்தம் சரியாக விழாது.

தொண்டையில் அடைத்துக்கொண்டால் செய்வதும் 2025இல் மாறியது. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முதலில் முதுகில் 5 தட்டு, பிறகு வயிற்றை 5 முறை உள்ளும் மேலுமாகத் தள்ளுவது, இதையே மாற்றி மாற்றி. 1 வயதுக்குள் வயிற்றைத் தள்ளக் கூடாது, முதுகில் 5, நெஞ்சில் 5. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவக் கூடாது. நம் வீடுகளில் முதலில் செய்வது அதைத்தான், ஆகவே தவறான விடைகளில் அதையும் வையுங்கள்.

கேள்வித்தாள் எந்த மொழியில் இருக்கிறது? கடிதத்தில் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், உங்கள் தாள் சிபிஆரோடு ஆங்கிலத்தையும் சேர்த்துச் சோதிக்கிறது. தமிழ் வழியில் பள்ளி முடித்து நர்சிங் படித்த பெண் 'எதைச் செய்யக் கூடாது' என்று வளைத்துக் கேட்கும் ஆங்கில வாக்கியத்தில்தான் வழுக்குவாள். கேள்வியைத் தமிழில் எழுதி, பல்ஸ், ஷாக், அம்பு பேக் போன்ற வார்டு வார்த்தைகளை அப்படியே விடுங்கள். 'மேற்கண்ட அனைத்தும்' என்ற விடை வேண்டாம், தெரியாதவர்களும் அதைத்தான் தொடுவார்கள். 

திருத்தி முடித்ததும், கேள்விவாரியாக எத்தனை பேர் எந்த விடையைத் தொட்டார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். 14 பேருக்கு அரை மணி நேர வேலை. எல்லோரும் சரியாகச் சொன்ன கேள்வியால் உங்களுக்கு எதுவும் தெரியவராது, அடுத்த முறை எடுத்துவிடலாம். 9 பேர் ஒரே தவறான விடையைத் தொட்டிருந்தால் குறை அவர்களிடம் இல்லை. கற்றுக் கொடுத்ததில் இருக்கிறது, அல்லது கேள்வியில் இருக்கிறது.

உங்கள் டிரில்லில் டாக்டரைக் கூப்பிட ஓடிய பெண்ணைப் பற்றி. அவர் மனதில் 'ஆர்டர் இல்லாமல் நான் தொடலாமா?' என்ற கேள்வி இருந்திருக்கும். இதைத் தேர்வு வைத்துத் தீர்க்க முடியாது. பல்ஸும் மூச்சும் இல்லாத நோயாளிக்கு நர்ஸ் யாரையும் கேட்காமல் சிபிஆர் தொடங்கலாம், தொடங்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கி ஒவ்வொரு வார்டிலும் ஒட்டுங்கள். சிபிஆர் வேண்டாம் என்று முறைப்படி முடிவெடுத்துச் சிகிச்சை மருத்துவர் கையெழுத்திட்ட நோயாளிகள் மட்டும் விலக்கு. அது கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் தெரிய வேண்டும், வாய்மொழியாகக் காதில் போட்டது செல்லாது. உதவிக்கு ஆளை அனுப்புவதும் பேர் சொல்லி இருக்கட்டும். "யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க" என்றால் எல்லோரும் நிற்பார்கள், அல்லது எல்லோரும் ஓடுவார்கள்.

30 படுக்கை மருத்துவமனையில் இரவு டூட்டியில் ஒரு தளத்துக்கு ஒரு நர்ஸ், ஒரு ஆயாம்மா என்றுதான் இருக்கும். அந்த இரண்டாவது ஜோடிக் கை ஆயாம்மாவுடையது. இந்தியாவில் பொதுமக்களுக்கென்றே, மூச்சு கொடுக்காமல் நெஞ்சை மட்டும் அழுத்தும் எளிய பயிற்சி முறை ஒன்று இருக்கிறது, சுருக்கமாக சி.ஓ.எல்.எஸ். என்பார்கள். ஆயாம்மா, வார்டு பாய், செக்யூரிட்டி எல்லோருக்கும் அதைக் கற்றுக் கொடுங்கள். எழுத்துத் தேர்வு வேண்டாம், பொம்மையில் 2 நிமிடம் அழுத்திக் காட்டினால் போதும். நர்ஸ் அம்பு பேக் பிடிக்க, ஆயாம்மா அழுத்த, 2 நிமிடத்தில் மாறிக்கொள்ளலாம்.

வருஷத்துக்கு ஒரு தேர்வு போதாது. பிஎல்எஸ் கார்டு 2 வருஷத்துக்குச் செல்லும், கைப்பழக்கம் சில மாதத்திலேயே தேய்ந்துவிடும். பொம்மையை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்து நர்ஸிங் ஸ்டேஷன் பக்கத்தில் வைத்து, 3 மாதத்துக்கு ஒரு முறை டூட்டி மாறும் நேரத்தில் ஆளுக்கு 2 நிமிடம் செய்யச் சொல்லுங்கள். அழுத்தும் ஆழத்தை விளக்கெரிந்தோ சத்தமிட்டோ காட்டும் பொம்மையாக வாங்குங்கள். அமெரிக்க இதயச் சங்கம் தன் வகுப்புகளில் 2019 முதல் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு 4 செ.மீ.யும் 5 செ.மீ.யும் ஒன்றாகத்தான் தெரியும்.

ஃபைலில் மார்க்குக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் போடுங்கள்: நினைவில்லை என்று சொன்னதிலிருந்து முதல் அழுத்தம் வரை எத்தனை வினாடி, முதல் 30 அழுத்தத்துக்கு எத்தனை வினாடி, பேட் ஒட்டும்போது கை எத்தனை வினாடி நின்றது. தவறியவர்களின் பெயரை நோட்டீஸ் போர்டில் போட வேண்டாம். அன்றைக்கே தனியாக அழைத்து எந்த இடம் என்று காட்டி, ஒரு வாரத்துக்குள் மறு தேர்வை முடித்துவிடுங்கள். முதல் மறு டிரில்லை அதே ஆண்கள் வார்டில், அதே கட்டிலில், அந்த மூன்று பேரும் டூட்டியில் இருக்கும் நாளில் வையுங்கள்.